குடல் புற்று ஸ்லைடில் லிம்போசைட்டை எண்ணுங்கள்: மரபணு வகையை ஊகிக்க ஒரு வழிகாட்டி

பெத்தாலஜியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஸ்லைடு சீக்கிரமே பழகிப்போய்விடும். அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் புற்று), எந்த அடுக்கு வரை போயிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுவில் பரவியிருக்கிறது, வெட்டு விளிம்பில் புற்று இருக்கிறதா என்று எழுதி அடுத்த கேஸுக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தப் புற்று எந்த மரபணுக் கோளாறால் வந்தது என்பதற்கான தடயமும் அதே ஸ்லைடில்தான் இருக்கிறது. சாதாரண ஹெமடாக்சிலின்-ஈயோசின் சாயமே போதும். அதை எங்கே தேடுவது, எப்படி எண்ணுவது, எங்கே ஏமாந்துபோவோம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

பெரும்பகுதி ஒரே வகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது எம்எஸ்ஐ வகை, அதாவது மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை உள்ள புற்று. கண்ணால் பார்த்து ஊகிக்க முடிகிறவற்றில் அதுதான் தெளிவானது. நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் அதிகம் பயன்படுவதும் அதுதான்.

முதலில் காரணம் புரியட்டும்

செல் பிரியும்போது டிஎன்ஏ நகலெடுப்பதில் எழுத்துப்பிழைகள் வரும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில், எட்டு ஜி, பத்து ஏ என்று வரிசையாக இருக்கும் இடங்களில், பிழை இன்னும் அதிகம். இந்த இடங்களுக்குத்தான் மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். பிழையைத் திருத்த நான்கு புரதங்கள் முக்கியம்: எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6. இவை ஜோடியாக வேலை செய்கின்றன. எம்எல்ஹெச்1-உடன் பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2-உடன் எம்எஸ்ஹெச்6. இந்த ஜோடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தத் திருத்தும் வேலை நின்றுபோனால் எழுத்துகள் கூடும், குறையும். டிஜிஎஃப்பிஆர்2 என்ற மரபணுவில் பத்து ஏ வரிசையாக வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு ஏ குறைந்தால், அதற்கு அப்புறம் வரும் வாசிப்பு முழுவதும் தடம் புரண்டு, உடலில் இதுவரை இல்லாத ஒரு புரதத் துண்டு உருவாகும். இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள். உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியமாகப் பார்க்கிறது. டி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் புற்றுக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால், ஸ்லைடில் தேட வேண்டியவற்றில் பாதி தானாகவே நினைவில் நிற்கும்.

பெருங்குடல் புற்றுகளில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. அதில் பெரும்பங்கு, வயதாகும்போது எம்எல்ஹெச்1 மரபணுவின் தொடக்கப் பகுதி மெத்திலேற்றம் என்ற வேதி மாற்றத்தால் அடைபட்டு வருவது. அது பரம்பரையாக வருவதில்லை. மொத்தப் புற்றில் சுமார் 3 சதவீதம் மட்டும் லிஞ்ச் நோய்க்கூறால், அதாவது பெற்றோரிடமிருந்து வந்த மரபணுப் பிழையால் வருவது.

இந்த நோயை முதலில் கவனித்தவர் ஒரு பெத்தாலஜிஸ்ட் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்ட்ரெட் வார்தின். 1895-இல் அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண், ‘என் குடும்பத்தில் எல்லாரும் வயிற்றிலும் குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்று வந்துதான் போனார்கள், நானும் அப்படித்தான் போவேன்’ என்ற அர்த்தத்தில் அவரிடம் சொன்னார். சொன்னபடியே இளம் வயதில் கர்ப்பப்பைப் புற்றில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தைத் தேடித்தேடிப் பதிவு செய்து 1913-இல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் நெப்ராஸ்காவிலிருந்து இதே போன்ற குடும்பங்களைப் பற்றி எழுதியது 1966-இல். காரணமான மரபணுக்கள் கைக்குக் கிடைத்தது 1993, 1994-இல்தான். ஒரு பெண் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதிலிருந்து தொடங்கிய கதை இது.

படி 1: ஸ்லைடைத் தொடுமுன் விண்ணப்பத்தாளைப் படியுங்கள்

வயது 50-க்குக் கீழா? புற்று பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்திலோ ஏறுகுடலிலோ, அதாவது வலப்பக்கமா? இதற்கு முன் கர்ப்பப்பைப் புற்று வந்ததா? குடலில் ஒரே நேரத்தில் இரண்டு புற்றா? குடும்பத்தில் யாருக்காவது? இந்த ஐந்தும் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தாளில் பெரும்பாலும் ‘வளர்ச்சி, வலது பெருங்குடல்’ என்பதற்கு மேல் இருக்காது. சரி, வார்டுக்கு ஒரு போன் போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கிராஸிங் (வெட்டியெடுத்த குடலிலிருந்து ஸ்லைடுக்கான துண்டுகளை எடுப்பது) செய்பவர் நீங்களே என்றால், புற்று முன்னேறும் ஓரத்தைக் கொழுப்போடு சேர்த்து எடுங்கள். நாம் தேடப்போவதில் ஒன்று அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. இன்னொரு பிளாக்கில் புற்றும் பக்கத்து நல்ல சளிச்சவ்வும் சேர்ந்து வரட்டும். ஃபார்மலின் உள்ளே இறங்க, குடலைத் திறந்து விரித்து ஊறவையுங்கள். திறக்காமல் போட்ட குடலில் நடுப்பகுதி வேகாத இட்லி மாதிரி இருக்கும். அந்த இடத்தில் பிறகு இம்யூனோ சாயம், அதாவது குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று காட்டும் சாயம், ஏறாது.

படி 2: 4 எக்ஸில் ஒரு சுற்று

அவசரமாக 40 எக்ஸுக்குப் போகாதீர்கள். சிறிய உருப்பெருக்கத்தில்தான் மூன்று விஷயங்கள் நன்றாகத் தெரியும்.

ஒன்று, ஓரம். எம்எஸ்ஐ புற்று பெரும்பாலும் ஒரே உருண்டையாகத் தள்ளிக்கொண்டு வளரும், எல்லைக்கோடு வரைந்த மாதிரி. மற்றவை விரல் விரலாக, சிதறலாக ஊடுருவும்.

இரண்டு, குரோன் மாதிரி எதிர்வினை. புற்றின் முன்னேறும் ஓரத்துக்கு வெளியே, தசை அடுக்கிலும் அதைத் தாண்டிய கொழுப்பிலும், ஊதாப் பொட்டு வைத்த மாதிரி லிம்போசைட் திரள்கள் வரிசையாக நிற்கும். சிலவற்றின் நடுவில் வெளிர்நிறத்தில் ஜெர்மினல் சென்டர் (லிம்போசைட் பெருகும் மையம்) தெரியும். குரோன் நோய் என்ற குடல் அழற்சியில் குடல் சுவர் இப்படி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். நோயாளிக்குக் குரோன் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. சளிச்சவ்வில் இயல்பாகவே இருக்கும் லிம்போசைட் முடிச்சைக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. சிறிய நிணநீர்க் கணுவை எதிர்வினை என்று எண்ணுவது இன்னொன்று. கணு என்றால் சுற்றி உறை இருக்கும், உறைக்கு அடியில் சைனஸ் என்ற இடைவெளி இருக்கும். திரளுக்கு இரண்டுமே கிடையாது. எவ்வளவு பெரிய திரளைச் சேர்ப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. 1 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஒரு அளவுகோல். ஒன்று தெளிவாகப் பெரிதாக இருந்தாலோ, இரண்டு மூன்று சேர்ந்து நின்றாலோ நான் எழுதிவிடுவேன்.

மூன்று, கலவை. ஒரே புற்றில் ஒரு மூலையில் அழகான சுரப்பிகள், பக்கத்தில் சளிக்குளம், அதற்கு அந்தப்புறம் சுரப்பியே இல்லாத பாளமான செல்கள் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 3: இல்லாததையும் பாருங்கள்

பெரும்பான்மையான குடல் புற்றில், அதாவது ஏபிசி, கேராஸ், பி53 என்று படிப்படியாக மரபணுக்கள் பழுதாகி வரும் குரோமோசோம் நிலையின்மை வகையில், சுரப்பியின் நடுக்குழியைச் செத்த செல்களும் உட்கருத் தூசியும் நியூட்ரோஃபில்களும் அடைத்திருக்கும். இதை அழுக்கு நெக்ரோசிஸ் என்கிறோம். குடல் புற்று நுரையீரலுக்குப் போனால்கூட இதை வைத்துத்தான் பல சமயம் அடையாளம் காண்கிறோம். எம்எஸ்ஐ வகையில் இது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சொற்பம். ‘அழுக்கு நெக்ரோசிஸ் காணவில்லை’ என்பதும் ஒரு கண்டுபிடிப்பு. சுத்தமான குழிகளைப் பார்த்தால் உடனே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: 40 எக்ஸில் உட்கார்ந்து எண்ணுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். தனித்தனி அடையாளங்களில், எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இதையே கேட்பேன்.

நாம் எண்ணுவது புற்றுச் செல்களுக்கு நடுவே, எபிதீலியத்துக்குள் நுழைந்த லிம்போசைட்டுகளை. சுற்றியுள்ள தாங்குதிசுவான ஸ்ட்ரோமாவில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அது கணக்கில் வராது. முதலில் அவை அதிகமாகத் தெரியும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். நெக்ரோசிஸ் பக்கமும் புண்ணான மேற்பரப்பும் வேண்டாம். ஐந்து ஃபீல்டு (லென்ஸில் ஒரு முறை தெரியும் வட்டம்) எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு ஃபீல்டில் சராசரியாக 2-க்கு மேல் இருந்தால் எம்எஸ்ஐ சந்தேகம் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 4, 5 என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் ஃபீல்டின் அளவு மாறும் என்பதால் உங்கள் துறை எதை வைத்திருக்கிறதோ அதையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

எப்படி இருக்கும்? புற்றுச் செல்லின் உட்கரு பெரியது, வெளிறியது, உள்ளே நியூக்ளியோலஸ் தெரியும். அதற்கு நடுவே கடுகு மாதிரி சின்னதாய், உருண்டையாய், கருநீலமாய் ஒரு உட்கரு. சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். அதுதான் லிம்போசைட். ஃபைன் ஃபோகஸைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டினால் அது எபிதீலியத்துக்குள் இருக்கிறதா, மேலே படிந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், செத்துக்கொண்டிருக்கும் புற்றுச் செல்லும் இப்படித்தான் இருக்கும். அதைச் சுற்றியும் வளையம் உண்டு. முதல் வருடத்தில் ஒரு கேஸில் ஃபீல்டுக்கு எட்டு என்று எண்ணிப் பெருமையாக எழுதிக்கொண்டு போனேன். என் ஆசிரியர் பார்த்துவிட்டு, ‘அந்தப் பொட்டைச் சுத்தி என்ன கலர்ம்மா இருக்கு, பாரு’ என்றார். அடர்ந்த இளஞ்சிவப்பு. சுருங்கிப்போன சைட்டோபிளாசம். நான் எண்ணியதில் பாதிக்கு மேல் இறந்த செல்கள். லிம்போசைட்டின் உட்கருவைச் சுற்றிச் சைட்டோபிளாசம் ஏறக்குறைய தெரியவே தெரியாது. இறந்த செல்லில் இளஞ்சிவப்பு இருக்கும், உட்கரு இரண்டு மூன்று வழவழப்பான உருண்டைகளாக உடைந்திருக்கும். நியூட்ரோஃபிலில் உட்கரு மடல் மடலாக இருக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக ஒரு மாதம் ஆகலாம், ஆகட்டும்.

படி 5: வளர்ச்சியின் உருவம்

மெடுல்லரி கார்சினோமா என்றால் ஏறக்குறைய எம்எஸ்ஐ என்றே நினைக்கலாம். சுரப்பியே இல்லாமல் பாளம் பாளமாக, பெரிய உட்கருவும் பளிச்சென்ற நியூக்ளியோலஸும் உள்ள செல்கள். நடுநடுவே லிம்போசைட் மழை. பார்க்கப் பயமாக இருக்கும், ‘மோசமாக வேறுபட்ட கார்சினோமா’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இதன் போக்கு பார்வைக்குத் தெரிவதைவிட நல்லது. நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். குடலுக்கு உரிய சிடிஎக்ஸ்2, சிகே20 சாயங்கள் இதில் பல சமயம் ஏறாது. அதைப் பார்த்து ‘வேறு உறுப்பிலிருந்து வந்தது’ என்று முடிவுகட்டி ஓடாதீர்கள்.

சளி: புற்றின் பாதிக்கு மேல் சளிக்குளமாக இருந்தால் மியூசினஸ் கார்சினோமா. பாதிக்குக் குறைவாக இருந்தாலும் அதை எழுதுங்கள், கொஞ்சம் சளிகூடத் தடயம்தான். ஆனால் கேராஸ் மாற்றம் உள்ள, எம்எஸ்ஐ இல்லாத புற்றுகளிலும் சளி நிறைய வரும். அதனால் சளி மட்டும் இருந்து லிம்போசைட் இல்லை என்றால் என் சந்தேகம் பாதியாகக் குறையும்.

உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிய முத்திரை மோதிரச் செல்களும் பட்டியலில் உண்டு. இளம் வயதினரிடம் இதைப் பார்த்தால் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதே சமயம் இவற்றில் பல எம்எஸ்ஐ இல்லாதவை, வேகமாகப் பரவுபவை. முடிவு வருமுன் யாருக்கும் நம்பிக்கை வார்த்தை சொல்லிவிடாதீர்கள்.

இந்த அடையாளங்களை 2004-இல் திருத்திய பெதஸ்டா வழிகாட்டுதல்களே ஏற்றுக்கொண்டன: 60 வயதுக்குக் கீழே உள்ளவரின் புற்றில் எபிதீலியத்துக்குள் லிம்போசைட்டுகள், குரோன் மாதிரி எதிர்வினை, சளி அல்லது முத்திரை மோதிரச் செல், மெடுல்லரி வளர்ச்சி இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்எஸ்ஐ பரிசோதனை செய்யச் சொன்னது அது.

படி 6: பக்கத்தில் என்ன பாலிப்?

புற்றின் ஓரத்தில் மிச்சமிருக்கும் பாலிப்பைத் தேடுங்கள். அடிப்பகுதி விரிந்து, கிரிப்டுகள் (சளிச்சவ்வின் குழாய்ச் சுரப்பிகள்) தலைகீழ் டி, எல் வடிவில் படுத்திருக்கும் செரேட்டட் லீஷன் (ரம்பப் பல் மாதிரி ஓரமுள்ள பாலிப்) இருந்தால், வயதானவர் என்றால், வலப்பக்கம் என்றால், இது மெத்திலேற்ற வழி. பிராஃப் மரபணுவில் வி600இ மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம், பரம்பரையாக இருக்க வாய்ப்பு குறைவு. வழக்கமான அடினோமா இருந்து, அதற்குள்ளேயே லிம்போசைட்டுகள் புகுந்திருந்து, ஆள் இளையவர் என்றால் லிஞ்ச் பக்கம் மனம் சாய வேண்டும்.

படி 7: இம்யூனோ

இவ்வளவு பார்த்தாலும் இது ஊகம்தான். ஒரு அடையாளமும் இல்லாத எம்எஸ்ஐ புற்றுகள் உண்டு, எல்லாம் இருந்தும் எம்எஸ்ஐ இல்லாதவையும் உண்டு. அதனால்தான் இன்று எல்லாப் பெருங்குடல் புற்றுக்கும் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அப்படியென்றால் கண்ணால் பார்ப்பது எதற்கு? இம்யூனோ முடிவு சரியா தவறா என்று உங்களை உஷார்ப்படுத்த. பணம் பற்றாத இடத்தில் யாருடைய பிளாக்கை எப்படியாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று முடிவெடுக்கவும்.

நான்கு சாயமும் போட்டால் நல்லது. முடியாவிட்டால் பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்6 இரண்டு மட்டும். ஜோடி ஞாபகம் இருக்கிறதா? எம்எல்ஹெச்1 போனால் பிஎம்எஸ்2-ம் கூடவே போகும், எம்எஸ்ஹெச்2 போனால் எம்எஸ்ஹெச்6-ம் போகும். ஆனால் பிஎம்எஸ்2 மட்டும் தனியாகவும், எம்எஸ்ஹெச்6 மட்டும் தனியாகவும் போகலாம். எனவே இந்த இரண்டைப் போட்டாலே நான்கையும் ஏறக்குறைய காவல் காத்துவிடலாம். ஒன்று காணாமல் போனால் அதன் ஜோடியையும் போட்டுப் பாருங்கள்.

படிக்கும்போது முதலில் பக்கத்து நல்ல சுரப்பியையும் ஸ்ட்ரோமாவையும் பாருங்கள். அங்கே உட்கரு பழுப்பாகவில்லை என்றால் சாயமே வேலை செய்யவில்லை, எதுவும் எழுதக் கூடாது. அப்புறம் புற்று. உட்கருவில் நம்பும்படி பழுப்பு இருந்தால் புரதம் இருக்கிறது. முழுக்க நீலமாக இருந்தால் இல்லை. ‘பாசிட்டிவ், நெகட்டிவ்’ என்று எழுதாதீர்கள். இங்கே பாசிட்டிவ் என்றால் இயல்பு, படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘புரதம் தக்கவைக்கப்பட்டுள்ளது’, ‘இழக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுங்கள்.

இங்கேதான் நாம் எண்ணிய லிம்போசைட் திரும்ப வருகிறது. புரதம் போன புற்றில் லிம்போசைட்டுகள் நிறைய இருக்கும். அவை நல்ல செல்கள் என்பதால் அவற்றின் உட்கரு பழுப்பாகும். 10 எக்ஸில் பார்த்தால் புற்று முழுக்கப் பழுப்புப் பொட்டு தூவிய மாதிரி தெரியும். ‘புரதம் இருக்கிறது’ என்று எழுதிவிடுவோம். 40 எக்ஸ் போட்டு, பழுப்பான உட்கரு சின்னதா பெரியதா என்று பாருங்கள். பெரிய உட்கருக்கள் எல்லாம் நீலம், சின்னவை மட்டும் பழுப்பு என்றால் அது இழப்பு.

மலக்குடல் புற்றில் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்த பிறகு எடுத்த திசுவில் எம்எஸ்ஹெச்6 மங்கிப்போகும். சிகிச்சைக்கு முந்தைய பயாப்சியில் போடுங்கள்.

படி 8: இழப்பு என்றால் அடுத்து என்ன

எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, அல்லது பிஎம்எஸ்2 மட்டும் போயிருந்தால் நேராக மரபியல் ஆலோசனைக்கு அனுப்புங்கள். எம்எல்ஹெச்1 போயிருந்தால் பிராஃப் வி600இ பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பரம்பரையானது இல்லை. இல்லையென்றால் மெத்திலேற்றப் பரிசோதனை. அதுவும் இல்லையென்றால் இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. பிராஃப் இல்லை என்பதாலேயே லிஞ்ச் என்று சொல்லிவிட முடியாது.

ஸ்லைடில் லிம்போசைட் மழை, இம்யூனோவில் நான்கும் இருக்கிறது என்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். வேலை செய்யாத புரதமும் சாயம் ஏற்கும் என்பதால் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் எம்எஸ்ஐ பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இயல்பு, ஆள் இளையவர் என்றால் போல்-ஈ மரபணு மாற்றம் மனதில் வரட்டும். அரிதானது, ஆனால் தோற்றத்தில் எம்எஸ்ஐயின் இரட்டைப்பிறவி.

மற்ற வகைகளைக் கண்ணால் ஊகிப்பது கடினம் என்பதால் அதிகம் சொல்லவில்லை. 2015-இல் மரபணு வெளிப்பாட்டை வைத்துக் குடல் புற்றை நான்காகப் பிரித்தார்கள். அதில் நான்காவது வகையில் ஸ்ட்ரோமா மிகுந்திருக்கும், ஓரத்தில் நான்கு செல்களுக்கு மேற்படாத சிறு கொத்துகள் உடைந்து சிதறும், போக்கும் மோசம். அந்தக் கொத்துகளை 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ணி, 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர்நிலை என்று எழுத வேண்டும். அவ்வளவு போதும்.

படி 9: ரிப்போர்ட்டில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள்

பார்த்ததை ஒரு வரியில் சேருங்கள்: ‘எபிதீலியத்துக்குள் லிம்போசைட்டுகள் மிகுதி, குரோன் மாதிரி எதிர்வினை உண்டு, எம்எஸ்ஐ பரிசோதனை தேவை.’ இந்த வரியால் சிகிச்சையே மாறும். இரண்டாம் நிலையில் உள்ள எம்எஸ்ஐ புற்றுக்கு 5-எஃப்யூ என்ற கீமோ மருந்து மட்டும் கொடுப்பதால் பலனில்லை. பரவிய நிலையில் பெம்ப்ரோலிசுமாப் 2020-லிருந்து அமெரிக்காவில் முதல் சிகிச்சையாகவே அனுமதிக்கப்பட்டது. 2022-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வில், இதே வகை மலக்குடல் புற்று இருந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்ததில் 12 பேருக்குமே கட்டி மறைந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. எந்தப் புற்றுக்குள் லிம்போசைட்டுகள் ஏற்கெனவே வந்து காத்திருக்கின்றனவோ, அங்கே அவற்றின் கட்டை அவிழ்த்துவிடும் மருந்துகள் இவை.

ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுச் சர்ஜனிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லிஞ்ச் உறுதியானால் நோயாளியின் அண்ணன், தங்கை, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே மரபணு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2 பிழை உள்ளவர்கள் 20 முதல் 25 வயதிலேயே கொலனோஸ்கோபி தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். பெண்களுக்குக் கர்ப்பப்பையையும் கவனிக்க வேண்டும். ரிப்போர்ட் பெரும்பாலும் ஃபைலுக்குள் போய்விடும், கூட வந்த தம்பிக்கோ மகளுக்கோ இதை யாராவது வாயால் சொன்னால்தான் போய்ச் சேரும். யார் சொல்லப்போகிறார்கள் என்பதைச் சர்ஜனிடம் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.